பன்றித் தோலுக்குள் இருவர்

ஜூன் 3

அக்காவுக்கு,

மூன்று வருஷமாகப் பேசாமல் இருந்துவிட்டு, எடுத்த எடுப்பிலேயே வேலை சொல்கிறானே என்று நினைப்பாய். நினைத்துக்கொள். எனக்குப் பல் வேண்டும். என் வாய்க்கு இல்லை, பன்றிக்கு.

நான் நாடகக் கம்பெனி மாறிவிட்டது உன் காதுக்கு வந்திருக்கும். நீ எங்களை விட்டுவிட்டுத் துணிக்கடை பொம்மை செய்யப் போன பிறகு அந்தப் பழைய கம்பெனியில் எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. இங்கே முதலாளி பன்றிக் கதைகளாகப் பொறுக்கி எடுத்து ஒரே நாடகமாகத் தைத்திருக்கிறார். முதல் கதையில், தண்ணீருக்குள் மூழ்கிப் போன பூமியைப் பன்றி தன் பல்லில் ஏந்தித் தூக்கி வருகிறது. இரண்டாவதில் ஒரு சூனியக்காரி, கப்பலில் வந்த ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்துப் பன்றியாக்கிவிடுகிறாள். மூன்றாவதில் ஒரு தேவன், தன்னுடையவள் அழகான வேடன் ஒருவனோடு சுற்றுகிறாள் என்று தெரிந்து, பன்றி உருவம் எடுத்து அவனைக் குத்திக் கொல்கிறான். மூன்றுக்கும் ஒரே பன்றி. அந்தப் பன்றி நான்.

முழுதாக நான் என்று சொல்ல முடியாது. தோலுக்குள் இரண்டு பேர். தலையும் முன்னங்கால்களும் நான். பின்னால் குனிந்துகொண்டு என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்தபடி வருகிறவனை எல்லாரும் பின்கால் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவனுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது, நான் இழுத்த பக்கம் வருவான். தங்கமான பையன். வாயுத் தொல்லை மட்டும் கொஞ்சம் உண்டு.

பூமியாக வருவது என் வீட்டுக்காரிதான். நீலத் துணி சுற்றிய பலகையில் உட்கார்ந்திருப்பாள். மேலேயிருந்து வரும் கயிறு பாதிப் பாரத்தைத் தாங்கும். மீதி என் தோள்மேல் இருக்கிற சட்டத்துக்கு வரும். ஆனால் பலகை ஆடாமல் நிற்பது பல்லில்தான். இப்போது இருப்பது ரப்பர் பல். போன வாரம் அது வளைந்து, பலகை சரிந்து, அவள் இடுப்பில் நல்ல அடி. இரண்டு நாள் எண்ணெய் தடவிக்கொண்டு கிடந்தாள். வேடனாக நடிக்கிறவன்தான் டாக்டரிடம் கூட்டிப் போனான். எனக்கு ஒத்திகை இருந்தது.

கெட்டியான பல் ஒரு ஜோடி செய்து அனுப்பு. உன் கைவேலை வேறு யாருக்கும் வராது. போன் பண்ணியிருப்பேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். இதைக் கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

தம்பி


ஜூன் 10

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. காகிதம் நன்றாக இருந்தது, பின்பக்கத்தில் ஒரு பொம்மையின் தோள் அளவைக் குறித்து வைத்திருக்கிறேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தப் பட்டறையில் தலை ஒரு அலமாரியில், கை ஒரு அலமாரியில், உடம்பு ஒரு வரிசையில் இருக்கும். யாரும் யாரையும் முறைத்துக்கொள்வதில்லை. யாரும் யாருடைய தோள்பட்டையையும் உடைப்பதில்லை.

சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். பழைய கம்பெனியில் அந்தச் சின்ன நடிகனை மரக்கத்தியால் அடித்தபோது, "கால் வழுக்கிடுச்சு" என்றாய். நான் திரைக்குப் பக்கத்தில் பசைச் சட்டியோடு நின்றிருந்தேன். உன் கால் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அவன் முந்தின நாள் உன் பாட்டைக் கேலி செய்து எல்லாரையும் சிரிக்கவைத்தான், அதுவும் தெரியும். அந்தக் கத்தியைச் செய்தவள் நான். லேசான மரத்தில் செய்ய வேண்டியதை, நீ "சத்தம் நல்லா வரணும்" என்று கேட்டதற்காகக் கனமான மரத்தில் செய்து கொடுத்தவள். அதனால்தான் கிளம்பினேன். உன்னோடு சண்டை போட்டுப் பிரிந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். சண்டை எங்கே போட்டேன்? வாயைத் திறக்காமல் பெட்டியைத் தூக்கினேன்.

இப்போது கெட்டிப் பல் கேட்கிறாய். முதல் கதையில் அதே பல் உன் வீட்டுக்காரியைத் தூக்குகிறது. மூன்றாவது கதையில் அதே பல் ஒரு ஆளைக் குத்துகிறது. இரண்டையும் ஒரே தலையை வைத்துச் செய்யச் சொன்ன உங்கள் முதலாளியை என்ன சொல்வது? நானும் நூலகத்தில் போய்ப் பார்த்தேன். எந்த நாட்டுக் கதையிலும் பன்றி இப்படித்தான். ஓரிடத்தில் உலகத்தைக் காப்பாற்றும், இன்னோரிடத்தில் வீட்டுக்கு ஒரே பிள்ளையைக் கொன்றுபோடும். ஓரிடத்தில் அதன் முடி பொன்னாக மின்னி இருட்டில் வழிகாட்டும். இன்னோரிடத்தில் வானத்தில் ஒரு தாய்ப்பன்றி படுத்துக்கொண்டு, விடிந்தால் நட்சத்திரக் குட்டிகளை ஒவ்வொன்றாக விழுங்கும். சொன்னவர்களுக்கே அதை நம்பலாமா கூடாதா என்று புரியவில்லை போலிருக்கிறது.

பலகைக்கு அடியில் ஒரு இரும்புச் சட்டம் வைத்து மறைத்துவிடச் சொல். பல் ரப்பராகவே இருக்கட்டும்.

அவள் இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது? அதை ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

மரக்கத்தியை இன்னும் விடவில்லையா நீ? அந்தப் பையன் இப்போது கல்யாணம் செய்துகொண்டு, தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். அவனே மறந்துவிட்டான்.

சட்டம் வைத்துப் பார்த்தாயிற்று. கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அப்படியே தெரிகிறது. முதலாளி, "பூமியைத் தூக்குறது பன்றியா, இல்ல கட்டில் காலா?" என்று கத்தினார். பல்லில் தூக்கினால்தான் தூக்கியதாக அர்த்தமாம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அந்த ஒரு காட்சிக்காகத்தான் நான் இந்தத் தோலுக்குள் வேர்த்துச் சாகிறேன். தலைக்குள் இரண்டு ஓட்டை, அது வழியாக அவளுடைய பாதம் மட்டும் தெரியும். தூக்கிக்கொண்டு நிற்கும்போது, இந்த உலகத்தில் இவளை நான்தான் தாங்குகிறேன் என்று இருக்கும். இறங்கியதும் போய்விடுவாள்.

எங்கே போவாள் என்று கேள். மேக்கப் அறைக்குப் பின்னால் ஒரு பெஞ்ச் இருக்கிறது. அங்கே வேடன் டீ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பான். எல்லாருக்கும்தான் வாங்குகிறான். ஆனால் அவளுடைய தம்ளரை மட்டும் தட்டு போட்டு மூடி வைக்கிறான், ஆறிப் போகக் கூடாதாம். நான் தோலைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் இரண்டு பேரும் சிரித்து முடித்திருப்பார்கள். "என்ன சிரிப்பு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லங்க" என்பாள். முன்பெல்லாம் எதற்குச் சிரித்தாள் என்று கேட்காமலே வந்து சொல்வாள்.

இரண்டாவது கதையில் முதலாளி ஒரு வசனம் வைத்திருக்கிறார். உடம்பு பன்றியாகிவிட்டது, மனசு மட்டும் மனுஷ மனசாகவே இருந்தது என்று. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. மூன்றாவது கதையில் எனக்கே ஒரு வசனம் இருக்கிறது. வேடன் செத்த பிறகு எல்லாரும் பன்றியை நிற்கவைத்துக் கேட்கிறார்கள். பன்றி சொல்கிறது: "நான் என்ன செய்வேன், பல் முன்னால் இருக்கிறது." ஜனங்கள் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

ஒன்று கவனித்தாயா? அந்தத் தேவன் செய்தது தப்பு என்று கதையில் ஒருவர்கூடச் சொல்வதில்லை. வேடனுடைய இரத்தம் விழுந்த இடத்தில் பூ பூத்தது என்று முடித்துவிடுகிறார்கள்.

நேற்று பலகை மறுபடியும் சரிந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள், அதனால் தப்பித்தாள். இனி உன் இஷ்டம். விழுந்து முதுகு ஒடிந்தால் ரப்பர் பல் செய்தவனைக் கேட்க மாட்டேன், கெட்டிப் பல் செய்ய மாட்டேன் என்றவளைத்தான் கேட்பேன்.

தம்பி


ஜூன் 26

தம்பிக்கு,

பெட்டியைக் கவனமாகப் பிரி. நீ வென்றாய் என்று வைத்துக்கொள்.

நான் உனக்காகச் செய்யவில்லை. அந்தப் பெண் விழக் கூடாது என்பதற்காகச் செய்தேன். உள்ளே இரும்பு, மேலே கெட்டிக் காகிதக்கூழ், அதற்கு மேல் மெருகு. நுனியை உருட்டிவிட்டிருக்கிறேன், ஆனாலும் கெட்டி கெட்டிதான். வேகமாக வந்தால் விலா எலும்பு தாங்காது. அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன், கேள்.

பல்லின் அடியில் ஒரு கீல் இருக்கிறது. மேலிருந்து பாரம் விழுந்தால் அந்தக் கீல் இறுகிக்கொள்ளும், அசையவே அசையாது. அவளோடு இன்னும் ஒருத்தி ஏறி உட்கார்ந்தாலும் தாங்கும். ஆனால் முன்னால் போய் எதிலாவது முட்டினால் பல் மேலே மடங்கிக் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும். பின்வாங்கினால் ஸ்பிரிங் அதைப் பழையபடி இறக்கிவிடும். கீழே இருக்கிறவர்களுக்குப் பல் உடம்புக்குள் இறங்கியது போலத் தெரியும், வேடனுக்கு ஒரு கீறலும் விழாது. பட்டறைச் சுவரில் முட்டிமுட்டிப் பார்த்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தக் கீலுக்கு எண்ணெய் மட்டும் போடு. வேறு ஒன்றும் செய்யாதே.

இனி டீ விஷயம். டீ ஆறாமல் மூடி வைத்தான் என்று ஒருவன்மேல் ஆத்திரம் வருகிறது உனக்கு. நீ ஏன் மூடி வைக்கவில்லை? இடுப்பு உடைந்து கிடந்தவளை டாக்டரிடம் கூட்டிப் போனவனைக் குறை சொல்கிறாய். ஒத்திகையில் பன்றி ஒரு நாள் இல்லாவிட்டால் என்ன, முன்னங்காலுக்கு ஒரு ஆள் கிடைக்காதா? மனசு மனுஷ மனசாகவே இருந்தது என்ற வசனத்துக்குத் தொண்டை அடைக்கிறதாம். உன் விஷயத்தில் மாறிப் போயிருக்கிறது, உடம்பு மட்டும்தான் மனுஷ உடம்பு.

கோபித்துக்கொள். ஆனால் எனக்கு ஒரு வரி எழுது, மூன்றாவது கதையில் அவனைத் தொடக்கூட மாட்டேன் என்று. நீ எழுதினால் நம்புகிறேன். நீ என் தோளில் வளர்ந்தவன். உன்னைப் பற்றி இப்படி நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

பல் வந்து சேர்ந்தது. உனக்குக் கோயில்தான் கட்ட வேண்டும். முதலாளி கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நெஜப் பல்லா?" என்றார். பலகை பாறைமேல் வைத்தது போல நிற்கிறது. அவள் ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி காலை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

நாங்கள் இப்போது பெரிய அரங்கத்துக்கு வந்துவிட்டோம். வருகிற சனிக்கிழமை முக்கியமான ஆட்டம். வெளியூர் அரங்கத்துக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க வேலை. எல்லாருக்கும் கை கால் ஓடவில்லை. எனக்கு மட்டும் என்னவோ மனசு அமைதியாக இருக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன்.

அவள் என் அறையில் இல்லை. பெண்கள் தங்குகிற அறைக்குப் போய்விட்டாள். பெரிதாகச் சண்டை ஒன்றும் இல்லை, ஒரு தம்ளர் உடைந்தது, அவ்வளவுதான். வேடன் என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க தப்பா நெனச்சிருக்கீங்க" என்றான். அண்ணனாம். நான் சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டிக் கொடுத்து அனுப்பினேன். நீ இருந்து பார்த்திருந்தால் என்னைப் பற்றிப் பெருமைப்பட்டிருப்பாய்.

கீல் மட்டும் கொஞ்சம் ஆடியது. நீ செய்ததைக் குறை சொல்வதாக நினைக்காதே. பின்காலிடம் ஒரு நீள ஆணி இருந்தது. அதை இரண்டு பல்லின் கீலிலும் குறுக்கே ஓட்டி இறுக்கிவிட்டேன். இப்போது எந்தப் பக்கமும் அசையவில்லை.

நீ கேட்ட வரியை எழுதவில்லையே என்று பார்க்காதே. இதையெல்லாம் எழுதித்தான் தெரியவேண்டுமா?

தம்பி


ஜூலை 8, அவசரத் தபால்

ஆணியை எடு.

இது கிடைத்த உடனே, கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டுப் போய் அந்த ஆணியை எடு.

நான் செய்த கீல் எனக்குத் தெரியாதா? பலகையைத் தூக்கும்போது அது ஆடாது. ஆட முடியாது. பாரம் ஏற ஏற இறுகும் என்று எழுதியிருந்தேன். ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி வந்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அது ஆடுவது ஒரே ஒரு சமயத்தில்தான், முன்னால் முட்டும்போது. வேடனோடு ஆடுகிற காட்சியில், எல்லா மேடையிலும் செய்வது போல, பல் அவன் விலாவில் கட்டிய வைக்கோல் திண்டில்தான் படவேண்டும், மெதுவாக, நடந்து போய். அதில் கீல் பாதிகூட மடங்காது. அப்படியென்றால் நீ எங்கேயோ தனியாகப் போய் முழு வேகத்தில் எதையோ குத்திப் பார்த்திருக்கிறாய். பல் மடங்கியது உனக்குப் பிடிக்கவில்லை.

எதைக் குத்திப் பார்த்தாய்?

அமைதியாக இருக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த மரக்கத்திக்கு முந்தின நாள் நீ என் மடியில் தலைவைத்துக் குறட்டை விட்டாய். தபால் வண்டி கிளம்புவதற்குள் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

உன்மேல் எனக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம். நீ கொலைகாரனாகப் போவதைக் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. இரண்டாம் தடவையும் என் கைவேலையால் நடக்கவிட மாட்டேன். இந்தத் தபால் சனிக்கிழமைக்குள் வந்து சேருமா என்று தெரியவில்லை. தபாலை மட்டும் நம்பி நான் உட்கார்ந்திருக்கப் போவதும் இல்லை.

அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

உன் அவசரத் தபால் இன்றைக்குத்தான் வந்தது. ஆட்டம் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. நீ பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. இனிமேலாவது நிம்மதியாக இரு.

உன்னிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. மணல் மூட்டையில் குத்திப் பார்த்தேன், உண்மைதான். ஒரு மனுஷனுக்குக் கோபம் வந்தால் மணல் மூட்டையைக்கூடக் குத்தக் கூடாதா?

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. முதல் கதை அருமையாகப் போயிற்று. அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கைதட்டல் ஓயவில்லை. மூன்றாவது கதைக்கு நான் தலையை மாட்டிக்கொண்டு திரை ஓரத்தில் நின்றேன். பின்கால் எப்போதும் கடைசியில்தான் உள்ளே நுழைவான். நுழைந்தது தெரிந்தது, கை பெல்ட்டைப் பிடித்தது. முதுகெலும்பில் ஏதோ சில்லென்று பட்டது. மோதிரம். பின்கால் மோதிரம் போடுவதில்லை.

"யாரு?" என்றேன்.

"நான்தான். போங்க."

"நீ எதுக்குடீ இங்க? அவன் எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்கான். நான்தான் அனுப்பினேன். நீங்க எங்க போறீங்களோ அங்க நானும் வரேன். குத்துறதுன்னா ரெண்டு பேருமா சேர்ந்தே போய்க் குத்திட்டு வருவோம்."

உள்ளே இருட்டு, அக்கா. அவள் மூச்சு என் முதுகில் படுகிறது. முரசு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் சொன்னேன், "அவனைக் காப்பாத்தத்தான வந்திருக்க?" என்று. அவள் சொல்கிறாள், "அவருக்காக இல்ல. உங்களைக் கண்டாதான் எனக்குப் பயமா இருக்கு. அந்த ரூமுக்கு ஓடினதும் அதனாலதான்." என்னைக் கண்டு பயமாம்! அவளுக்காக இத்தனை வேர்வை சிந்துகிற என்னைக் கண்டு!

ஆனாலும் நான் நின்றுவிட்டேன். அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். பாய்ந்து போனேன், வேடன் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரே நின்றான், நெஞ்சைத் திறந்து வைத்துக்கொண்டு. அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் நினைத்திருந்தால் முடிந்திருக்கும். நின்றுவிட்டேன். அவன் காலடியில் அப்படியே படுத்துவிட்டேன். அவன் முழித்தான். வசனம் மறந்து, வேறு வழி தெரியாமல் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பன்றித் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். வெளியூர்க்காரர்கள், இந்த முடிவு புதுசாக இருக்கிறது என்றார்களாம். முதலாளி என்னைத் திட்ட வந்தவர் கட்டிப்பிடித்துக்கொண்டார். இனிமேல் தினமும் இப்படியே முடிக்க வேண்டுமாம். தோல் இடுப்புப் பக்கம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, தைக்கக் கொடுத்திருக்கிறோம்.

நான் ஜெயித்தேன், அக்கா. வேடனை இல்லை, என்னையே. நீ நம்பாமல் போனாயே, அந்தத் தம்பி தன் கோபத்தை விழுங்கிக்கொண்டு நின்றான்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லலாம் என்று தோலைக் கழற்றிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். பையும் இல்லை. வேடன் இங்கேதான் இருக்கிறான், அவனுக்கும் தெரியவில்லை. இப்போதுதான் எல்லாம் சரியாகியிருக்கிறது, இந்த நேரத்தில் இப்படிப் போனால் என்ன அர்த்தம்? அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். அதை மன்னித்துவிட்டேன்.

அங்கே வந்தாளா? வந்தால் இருக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை, நானே வந்து கூட்டிப் போகிறேன்.

தம்பி


ஜூலை 18

தம்பிக்கு,

வந்தாள். இங்கேதான் இருக்கிறாள்.

ஆட்டத்தன்று அவளுக்குப் போன் பண்ணியது நான்தான். அரங்கத்தில் டிக்கெட் கொடுக்கிற அம்மாள் எடுத்து, அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். ஆணியைப் பற்றிச் சொன்னேன். வேடனை அன்றைக்கு மேடை ஏற வேண்டாம் என்று சொல், முதலாளியிடம் சொல், நீ உடனே கிளம்பி என்னிடம் வந்துவிடு என்றேன். பன்றிக்குள் போகச் சொல்லவில்லை. அது அவளாக எடுத்த முடிவு. "அண்ணி, வெளிய சொன்னா இவரை உள்ள வெச்சிடுவாங்க. சொல்லலன்னா அந்த மனுஷன் செத்துடுவார். நான் பாத்துக்கறேன்" என்று போனை வைத்துவிட்டாள். அன்று முழுக்க நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். படி ஏற முடியவில்லை. பாவாடையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு முழங்காலிலும் தோல் இல்லை. மரச் சிராய்கள் உள்ளே ஏறியிருந்தன. என் வேலைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். வலது கையில் இரண்டு விரல் வீங்கி, மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவள் கத்தவில்லை. நான்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு உன் கடிதம் வந்தது. நின்றுவிட்டேன், நின்றுவிட்டேன் என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு அவளிடம் கேட்டேன். நின்றவன் பின்னால் வந்தவளுக்கு முழங்கால் எப்படி இப்படி உரியும் என்று.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"முதல்லயே உட்கார்ந்துட்டேன் அண்ணி. நான் உட்கார்ந்தா நிப்பாருன்னு நெனச்சேன். நிக்கல. இழுத்துட்டே ஓடினார். விடாம பிடிச்சிருந்தேன். திரையிலேர்ந்து அந்த மனுஷன் கால்கிட்ட வரைக்கும் இழுத்துட்டுப் போனார்."

"அப்புறம் எப்படித்தான் நின்னான்?"

"தோலு கிழிஞ்சுது. உள்ள வெளிச்சம் வந்துச்சு. முன்வரிசையில இருந்தவங்க எங்களைப் பார்த்தாங்க. அவரும் அவங்களைப் பார்த்தார். அப்பதான் நின்னார்."

வேடனைப் பற்றி நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்த முழங்கால் இப்படித்தான் இருந்திருக்கும்.

நீ உன்னை ஜெயித்ததாக எழுதியிருக்கிறாய். உன் முதலாளி நம்பலாம், வெளியூர்க்காரர்கள் எழுந்து நின்று தட்டலாம். நானும் நம்பியிருப்பேன், அவள் இங்கே வராமல் இருந்திருந்தால். சின்ன வயதிலிருந்து நீ சொன்னதை எல்லாம் நம்பத்தான் நான் ஆசைப்பட்டிருக்கிறேன்.

பின் அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். இராத்திரி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். பிறகு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு அண்டை கொடுக்கிற சத்தம் கேட்கிறது. என் வீட்டில், நான் இருக்கும்போதே. முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நான் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. எந்தக் கிழமையும் வராதே. எனக்கு எழுது, பதில் போடுவேன். உடம்புக்கு ஏதாவது ஆனால் சொல்லி அனுப்பு, ஓடி வருவேன். நான் உன் அக்கா, அது எங்கேயும் போகாது. ஆனால் நீ இந்த வாசலில் வந்து நின்று கூப்பிட்டால், நான் கதவைத் திறக்க மாட்டேன்.

அக்கா